மதர்போர்டின் பூட்டைத் திறந்தவர்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கும் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடம் அணுகுண்டு பிறந்த இடம். 1999-ல் அங்கே ரான் மின்னிக் என்ற கணினி ஆய்வாளருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது கீபோர்டு. சாதாரண பிசிக்களை நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று இணைத்து, ஒரே சூப்பர் கம்ப்யூட்டரைப் போல வேலை வாங்கும் ‘கிளஸ்டர்’ முறை அப்போது வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. அந்தப் பிசிக்களைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலோ, எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. கீபோர்டு செருகப்படவில்லை என்றால், ‘எஃப்1 அழுத்தவும்’ என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். ஒரே ஒரு செட்டிங்கை மாற்றுவதற்குக்கூட மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போக வேண்டும்.

மின்னிக்கும் அவருடைய குழுவினரும் துணிந்து ஒரு முடிவெடுத்தார்கள். மதர்போர்டோடு வந்த பயாஸை அழித்துவிட்டு, அந்த இடத்தில் லினக்ஸையே உட்கார வைப்பது. அதற்கு ‘லினக்ஸ்பயாஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பவர் கொடுத்த மூன்றே நொடிகளில் லினக்ஸ் தயாராக நிற்கும் அளவுக்கு அதை வேகப்படுத்தவும் முடிந்தது. 2008-ல் அந்தத் திட்டம் ‘கோர்பூட்’ என்று பெயர் மாறியது. ஜிபிஎல் உரிமத்தின் கீழ், யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற நிலையில் அது இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

பயாஸ் என்றால் நீலத் திரையில் தேதியை மாற்றும் இடம் என்ற அளவில்தான் பலருக்கும் பழக்கம். உண்மையில் அது மதர்போர்டில் ஒட்டியிருக்கும், சுண்டுவிரல் நகத்தளவே உள்ள, எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில் குடியிருக்கும் நிரல். கம்ப்யூட்டரின் மெயின் பிராசஸர் ஓட்டும் முதல் நிரலும் அதுதான். விண்டோஸ், லினக்ஸ், வைரஸ் தடுப்பு மென்பொருள் எல்லாமே அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அதில் யாராவது கை வைத்துவிட்டால், மேலே இருப்பவை எதற்கும் தெரியாது. ஹார்டு டிஸ்கை முழுதாக அழித்து மறுபடி நிரப்பினாலும் அந்தக் கோளாறு போகாது.

இந்த முதல் நிரலை எழுதுவது ஏன் அவ்வளவு கடினம்? பவர் வந்ததும் இன்டெல் பிராசஸர்கள் 4 ஜிபி முகவரி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே போய்த் தங்கள் முதல் கட்டளையைத் தேடுகின்றன. பல கோர்கள் கொண்ட இன்றைய பிராசஸரும் அந்தக் கணத்தில் 1978-ல் வந்த 8086 சிப்பைப் போல 16 பிட் முறையில்தான் விழிக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ராம். 16 ஜிபி ராம் செருகியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அதில் ஒரு பைட்டைக்கூட எழுதிவைக்க முடியாது. மெமரி கன்ட்ரோலருக்கு எந்த வகை ராம் இருக்கிறது, என்ன வேகம் என்று எதுவுமே தெரியாது. முதலில் ராம் குச்சியில் இருக்கும் ஒரு குட்டிச் சிப்பைப் படித்து அந்த விவரங்களை வாங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு டேட்டா கம்பியிலும் சிக்னல் எந்தக் கணத்தில் வந்து சேர்கிறது என்று எழுதிப் பார்த்து, படித்துப் பார்த்து, துல்லியமாகச் சரிசெய்ய வேண்டும். இதை ‘மெமரி டிரெயினிங்’ என்கிறார்கள். ஒரே மாடல் மதர்போர்டுகளில்கூட, செருகிய குச்சியைப் பொறுத்து இந்த அளவுகள் மாறும்.

ராமே இல்லாமல் ராமைத் தயார்செய்யும் நிரலை எப்படி ஓட்டுவது? சி மொழியில் எழுதிய நிரலுக்குத் தன் மாறிகளை வைக்க ஏதாவது ஒரு நினைவகம் வேண்டும். ஆரம்பத்தில் இதற்காகவே, பிராசஸரின் ரெஜிஸ்டர்கள் எனும் குட்டிச் சேமிப்பிடங்களை மட்டும் பயன்படுத்தும் ‘ரோம்சிசி’ என்ற தனிக் கம்பைலரை எரிக் பீடர்மேன் எழுதினார். பின்னர் பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தையே தற்காலிக ராமாகப் பயன்படுத்தும் உத்தி நிலைத்தது. ராம் உயிர்பெற்ற பிறகு வேலை சுலபம். பிசிஐ, யுஎஸ்பி, டிஸ்க் என்று மற்ற பாகங்களை எழுப்பிவிட்டு, கோர்பூட் ‘பேலோடு’ எனப்படும் அடுத்த நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்து ஒதுங்கிவிடும். பழைய பயாஸ் போல நடந்துகொள்ள சீபயாஸ், விண்டோஸுக்கு ஏற்ற யுஇஎஃப்ஐ, லினக்ஸ்காரர்களுக்கு கிரப் என்று பேலோடைத் தேர்ந்துகொள்ளலாம்.

தொழில்நுட்பச் சிக்கலைத் திறமையால் வெல்லலாம். ரகசியத்தை வெல்வது அவ்வளவு எளிதல்ல. மெமரி கன்ட்ரோலரின் எந்த ரெஜிஸ்டரில் எந்த எண்ணை எழுத வேண்டும் என்ற ஆவணம் சிப் நிறுவனத்திடம் இருக்கும். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டும் அது கிடைக்கும். ஆரம்பத்தில் நிலைமை இப்படி இல்லை என்பதுதான் வேதனை. ஐபிஎம் 1981-ல் தன் முதல் பிசியை வெளியிட்டபோது, அதன் பயாஸ் நிரல் முழுவதையும் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தது. பதிப்புரிமை ஐபிஎம்மிடம் இருந்தது. ஆனால் காசு கொடுத்துக் கையேடு வாங்கிய எவரும் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. அதை அப்படியே நகலெடுக்க முடியாததால், காம்பேக் போன்ற நிறுவனங்கள் பயாஸின் செயல்பாட்டை மட்டும் விவரிக்க ஒரு குழு, அந்தக் கையேட்டைப் பார்க்காமலே புதிதாக எழுத இன்னொரு குழு என்று பிரித்துத் தங்கள் பயாஸை உருவாக்கின. பிறகு பீனிக்ஸ், அவார்டு, ஏஎம்ஐ போன்ற நிறுவனங்கள் பயாஸை விற்பனைப் பொருளாக்கின. மூலநிரல் கண்ணில் படாமல் போனது. இவற்றில் ஏஎம்ஐ, சுப்பிரமணியன் சங்கர் 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

கோர்பூட்டை ஒரு மெஷினில் ஏற்றுவது எப்படியிருக்கும் என்பதற்கு, 2012-ல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230 நல்ல உதாரணம். ஆர்வலர்கள் நடுவே இன்றும் பிரியமான லேப்டாப் இது. முதல் வேலை, கோர்பூட்டின் கம்பைலரையே கம்பைல் செய்வது. அவரவர் லினக்ஸில் இருக்கும் கம்பைலர் எப்படி நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது என்பதால், திட்டம் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. பழைய மெஷினில் இதற்கே நிறைய நேரம் பிடிக்கும். அடுத்து ஒரு மெனுவில் போர்டின் பெயரையும் பேலோடையும் தேர்ந்தெடுத்து ‘மேக்’ கொடுத்தால், ஒரு ரோம் ஃபைல் தயாராகும்.

பிறகுதான் ஸ்குரூ டிரைவருக்கு வேலை. பேட்டரியைக் கழற்றி, கை வைக்கும் பகுதியைத் திறந்தால், அருகருகே 8 எம்பி, 4 எம்பி என இரண்டு ஃபிளாஷ் சிப்கள் தெரியும். எட்டுக் கால்களையும் ஒரே பிடியில் கவ்வும் கிளிப்பைச் சிப்பில் மாட்டி, மறுமுனையை ஒரு ராஸ்பெர்ரி பையிலோ சிறிய யுஎஸ்பி புரோகிராமரிலோ இணைக்க வேண்டும். இந்தச் சிப்களுக்கு 3.3 வோல்ட்தான் தர வேண்டும். கூடினால் சிப் போய்விடும். எழுதுவதற்கு முன் ‘ஃபிளாஷ்ரோம்’ என்ற மென்பொருளால் பழைய நிரலை இருமுறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, பத்திரப்படுத்துவது கட்டாயம். கிளிப் லேசாக விலகினாலும் இரண்டும் வேறுபடும். புதிய நிரலை எழுதி முதல்முறை பவர் கொடுத்தால் சில நொடிகள் வெறும் கறுப்புத் திரைதான். பலர் இங்கே பயந்துபோய்ப் பவரை நிறுத்திவிடுவதுண்டு. மெமரி டிரெயினிங் முதல் தடவை முழுதாக நடப்பதால்தான் இந்தத் தாமதம். முடிவுகள் ஃபிளாஷிலேயே சேமிக்கப்படுவதால் அடுத்த முறை சட்டென்று எழுந்துவிடும்.

இந்தத் தலைமுறை மெஷின்களின் ராம் தொடக்க நிரல், ஆவணம் இல்லாத இடங்களில் மூடிய நிரல் என்ன செய்கிறது என்று கவனித்துக் கவனித்து, ஆர்வலர்களே எழுதியது. அந்தப் பொறுமைக்குத் தலைவணங்கத்தான் வேண்டும்.

அப்படியும் எக்ஸ்230 முழுக்கத் திறந்துவிடவில்லை. இன்டெல் சிப்செட்டுக்குள் ‘மேனேஜ்மென்ட் எஞ்சின்’ என்ற தனிக் கன்ட்ரோலர் தன் சொந்த மூடிய நிரலை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதை முழுதாக நீக்கினால் 30 நிமிடங்களில் மெஷின் தானே அணைந்துவிடும். 2016-ல் வந்த ‘எம்இ கிளீனர்’ என்ற கருவி, மெஷின் அணையாமல் இருக்கத் தேவையானதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சுரண்டி எடுக்கிறது. புதிய மெஷின்களில் ராமை எழுப்பும் வேலையையே இன்டெல் தரும் மூடிய தொகுப்பு செய்கிறது. கோர்பூட் அதைச் சுற்றி நின்று வேலை பார்க்கிறது.

இதையும் தாண்டிய தடை, 2013-ல் வந்த ‘பூட் கார்டு’. லேப்டாப் தயாரிப்பாளர் தன் சாவியின் அடையாளத்தைச் சிப்செட்டின் ஃபியூஸ்களில் நிரந்தரமாக எரித்துவிடுவார். அந்தச் சாவியால் கையெழுத்திடாத நிரலை மெஷின் ஓட்டாது. பாதுகாப்புக்காக என்றுதான் சொல்கிறார்கள்; அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தச் சாவி வாங்கியவர் கையில் இல்லை. 2023-ல் எம்எஸ்ஐ நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் இத்தகைய சாவிகளே வெளியே கசிந்தன. எரித்த ஃபியூஸை மாற்ற முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான ‘லோகோஃபெயில்’ ஆய்வு, பவர் போட்டதும் தெரியும் நிறுவன லோகோ படத்தைப் படிக்கும் நிரல் வழியாகவே பயாஸுக்குள் புகலாம் என்று காட்டியது. ஏஎம்ஐ, பீனிக்ஸ், இன்சைட் மூன்றின் நிரலிலும் அந்த ஓட்டை இருந்தது. தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்திய பழைய மெஷின்களின் உரிமையாளர்கள் இப்படிப்பட்ட ஓட்டையை எங்கே போய் அடைப்பது?

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. கோடிக்கணக்கானோர் பெயர் தெரியாமலே கோர்பூட்டைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் குரோம்புக்குகள் அதில்தான் இயங்குகின்றன. சிஸ்டம்76, பியூரிசம் நிறுவனங்கள் கோர்பூட் ஏற்றிய லேப்டாப்களை விற்கின்றன. போலந்தின் 3எம்டெப் நிறுவனம், கடையில் கிடைக்கும் எம்எஸ்ஐ இசட்690-ஏ டெஸ்க்டாப் போர்டுக்கு ‘தஷாரோ’ என்ற பெயரில் கோர்பூட் நிரலை உருவாக்கித் தந்தது. மூடிய தொடக்க நிரலுக்குப் பதிலாக ‘ஓப்பன்சில்’ என்ற திறந்த நிரலைக் கொண்டுவரப்போவதாக ஏஎம்டி 2023-ல் அறிவித்தது. வாக்குறுதி நல்லதுதான், கடைக்கு வரும் போர்டுகளில் அதைப் பார்த்தால்தான் நம்பலாம்.

பொறியியல் மாணவர்கள் இதைத் தொட்டுப் பார்க்க லேப்டாப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கியூஇஎம்யு என்ற மெய்நிகர் மெஷினையும் கோர்பூட் ஒரு போர்டாகவே ஏற்றுக்கொள்கிறது. ஒரு லினக்ஸ் மெஷின் இருந்தால் போதும். நிரலை இறக்கி, கம்பைல் செய்து, அந்தப் பொய் மெஷினில் ஓட்டிப் பார்க்கலாம். தப்பாகப் போனாலும் எதுவும் கெடாது. அடுத்த லேப்டாப் வாங்கப் போகிறவர்கள், அதில் கோர்பூட் ஏறுமா, பூட் கார்டு பூட்டியிருக்கிறதா என்று கடைக்காரரிடமும் தயாரிப்பாளரிடமும் தயங்காமல் கேளுங்கள். கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் விற்பவர்கள் பூட்டைத் திறப்பார்கள்.