கடலில் மேயும் பசு!

வடக்கனந்தல் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் புதிது அல்ல. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறங்கி, நீச்சல் பழகிய தலைமுறைகள் அங்கே உண்டு. நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை. பக்கத்திலேயே கோமுகி அணை. அதில் 46 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கலாம்.

ஆனால் கடல்?

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ம் ஆண்டில் பிறந்தது. அந்த மாவட்டத்தில் கடற்கரை ஒரு சாண் அளவு கூடக் கிடையாது. கடலைக் கண்ணால் பார்க்காமலே கிழவர் ஆனவர்களும் மலையடிவாரத்தில் உண்டு.

கடலுக்குப் போகாதது மனிதர்கள்தான். கோமுகி ஆறு போய்விடுகிறது! அது கல்வராயன் மலையில் பிறக்கிறது. மணிமுத்தாற்றோடு சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் விழுகிறது.

கோமுகி என்றால் பசுவின் முகம் என்று பொருள். கோவிலில் அபிஷேகத் தண்ணீர் வெளியே வரும் வாய்க்கும் அதே பெயர்தான்.

அந்தக் கடலிலும் ஒரு பசு இருக்கிறது! அது புல் மேய்கிறது. கன்றுக்குப் பால் கொடுக்கிறது. அதன் பெயர் கடற்பசு. 'ஆவுளியா' என்றும் அதைச் சொல்வார்கள்.

யானைக்குச் சொந்தம்

கடற்பசு மீன் அல்ல. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. வளர்ந்த கடற்பசு 10 அடி நீளம் இருக்கும். எடை 400 கிலோவுக்கு மேலும் போகும். நிலத்தில் அதற்கு நெருங்கிய சொந்தம் எது தெரியுமா? மாடு அல்ல, யானை!

இவ்வளவு பெரிய உடம்பு. ஆனால் பரம சாது. கடலடியில் வளரும் புல்தான் அதற்குத் தீனி. ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும். ஆழம் இல்லாத இடத்தில்தான் கடற்புல் வளரும். ஆகவே கடற்பசுவும் கரைக்குப் பக்கத்திலேயே வாழ்கிறது. தமிழ்நாட்டில் பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் அதற்கு மேய்ச்சல் நிலம்.

அந்தக் காலத்து மாலுமிகள் இந்த இனத்தைத் தூரத்தில் பார்த்துக் 'கடற்கன்னி' என்று மயங்கினார்கள். 1493-ம் ஆண்டில் கொலம்பஸ் மூன்று கடற்கன்னிகளைக் கண்டதாகவும், அவை படத்தில் இருப்பது போல அத்தனை அழகாக இல்லை என்றும் எழுதி வைத்தார். அவர் பார்த்தது கடற்பசுவின் உறவுப் பிராணி என்று இன்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

பணக்காரர்களுக்கு மட்டுமா தீவு?

தீவுப் பிரயாணம் என்றதும், "நமக்கு எதற்கு? அது பணக்காரர்கள் சமாசாரம்" என்று பலர் ஒதுங்கி விடுகிறார்கள். ராமேசுவரமும் ஒரு தீவுதான் என்பதை அவர்கள் மறந்து விடுகிறார்கள்!

வடக்கனந்தலில் இருந்து ஒரு குடும்பம் புறப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். கணவன், மனைவி, பாட்டி, இரண்டு பிள்ளைகள். கள்ளக்குறிச்சி வரை பஸ். சாதாரண டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது 2021 முதல் உள்ள சலுகை. அங்கிருந்து விழுப்புரம். விழுப்புரத்தில் ராமேசுவரம் போகும் இரவு ரெயில். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் ரெயிலிலும் டிக்கெட் வேண்டாம்.

இரவில் பிரயாணம் செய்வதால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம். கட்டுச்சோறும், குடிக்கத் தண்ணீரும் கையில் இருந்தால் ஓட்டல் செலவும் மிச்சம். புளிச்சோறு மறுநாள் மத்தியானம் வரை கெடாது.

விடியும் நேரத்தில் ரெயில் பாம்பன் பாலத்தில் ஏறும். இருபுறமும் தண்ணீர்! 1914-ல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ந்தேதி திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோ மீட்டருக்கு மேல். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே உயர்ந்து வழி விடும். முதன் முதலாகக் கடலைப் பார்க்கும் பாட்டிக்கு ஜன்னல் ஓரத்து இடத்தைக் கொடுக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்கே டிக்கெட் காசு சரியாய்ப் போகும்.

21 தீவுகள்; இரண்டைக் காணோம்!

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவழப் பாறைகள், கடற்புல் மைதானங்கள். 1986-ல் இந்தப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

இன்று அந்த 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் முழுகி விட்டன. ஒன்று பூவரசன்பட்டி, மற்றொன்று விலங்குசல்லி. சுண்ணாம்புக்காகவும் கட்டிடத்துக்காகவும் பவழப் பாறையை ஜனங்கள் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். வேலியை எடுத்தால் பயிர் என்ன ஆகும்? அலை நேராக வந்து மணலை அரித்தது. தீவும் போயிற்று.

ஆகவே, மிச்சம் உள்ள தீவுகளில் நினைத்தபடி போய் இறங்க முடியாது. பாம்பன் அருகே உள்ள குந்துகால் என்ற இடத்தில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. காற்றும் அலையும் பலமாக இருந்தால் படகு கிடையாது. புறப்படும் முன்பே வனத்துறையிடம் விசாரித்துக் கொள்வது நல்லது. குந்துகாலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சிகாகோ சென்று திரும்பிய சுவாமி விவேகானந்தர், 1897 ஜனவரி 26-ந்தேதி வந்து கால் வைத்த கரை அதுதான்.

பக்கத்தில் போய் நீந்தலாமா?

படகில் ஏறியதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

வெளிநாடுகளில் இது ஒரு பெரிய தொழில். எகிப்து நாட்டின் செங்கடலில் கடற்பசுவோடு நீந்த ஆட்களை அழைத்துப் போகிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் டோன்சோல் என்ற ஊர் திமிங்கலச் சுறாவுக்குப் பெயர் போனது. உலகத்து மீன்களில் மிகப் பெரியது அது. 40 அடிக்கு மேலும் வளரும். ஆனால் மனிதனைத் தின்னாது. மாலத்தீவில் 2009-க்குப் பிறகு, ஜனங்கள் குடியிருக்கும் தீவுகளிலும் சிறு விடுதிகள் வந்தன. நடுத்தர வருமானக்காரர்களும் அங்கே போய் இந்தச் சுறாவைப் பார்க்கிறார்கள்.

அங்கே எல்லாம் கவலையும் கூடவே வந்திருக்கிறது. பிலிப்பைன்சில் ஓஸ்லோப் என்ற இடத்தில் தினமும் இரை போட்டுச் சுறாவை வரவழைக்கிறார்கள். இரைக்குப் பழகிய சுறா படகைத் தேடி வந்து, அடிபட்டுக் காயம் அடைகிறது. கூட்டம் கூடினால் எந்தப் பிராணியும் நிம்மதியாக மேயாது.

நம் நாட்டில் கடற்பசுவுக்கு 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் உண்டு. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. அதைக் கொல்வதும் பிடிப்பதும் மட்டும் அல்ல, விரட்டுவதும் குற்றம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கடற்பசு ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு எடுக்க வேண்டும். வெளியே தெரிவது மூக்கு நுனி மட்டும்தான். அந்த நேரத்தில் படகு துரத்தினால், அது மூச்சை முழுதாக எடுக்காமலே முழுகும். கன்று தாயை விட்டுப் பிரியும்.

ஒரு கன்று பிறக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். ஓர் ஈற்றுக்கு ஒரே கன்றுதான். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். ஒன்று போனால், அதை ஈடுகட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்குப் பாருங்கள்!

வடக்குப் பசிபிக் கடலில் 25 அடி நீளமுள்ள ஒரு கடற்பசு இனம் இருந்தது. 1741-ல் ஸ்டெல்லர் என்ற அறிஞர் அதைக் கண்டு எழுதினார். பிறகு அந்தப் பக்கம் போன வேட்டைக்காரர்கள் இறைச்சிக்காகக் கொன்றார்கள். 1768-க்குள் ஒன்று கூட மிச்சம் இல்லை. கண்டுபிடித்து 27 ஆண்டுக்குள் ஓர் இனமே தீர்ந்து போயிற்று!

இந்தியாவில் இப்போது உள்ள கடற்பசுக்கள் சுமார் 240 என்று 2021-ல் தமிழக அரசு கூறியது. ஒரு பெரிய கிராமத்து மாடுகளின் எண்ணிக்கை கூட இல்லை!

கிணற்று நீச்சல் கை கொடுக்குமா?

மனிதனுக்கும் ஆபத்து உண்டு. கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் நிற்காது, இழுக்கும். மேலே அமைதியாகத் தெரியும் இடத்திலும் அடியில் நீரோட்டம் ஓடும். சொறி என்ற இழுது மீன் உடம்பில் பட்டால் தோல் எரியும்.

ராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் குளிக்கலாம். தனுஷ்கோடியில் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. 1964 டிசம்பர் புயலில் ஒரு ரெயிலையே பிரயாணிகளோடு விழுங்கிய கடல் அது.

உண்மையில் கூட நீந்துகிறவர்கள்

அப்படியானால் நம் கடலில் கடற்பசுவோடு நீந்துகிறவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். காசு கொடுத்து நீந்துகிறவர்கள் அல்ல. காசை இழந்து நீந்துகிறவர்கள்!

தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்கரையில் மீனவர்கள் விரிக்கும் வலையில் சில சமயம் கடற்பசு சிக்கிக் கொள்ளும். சிக்கினால் அதனால் மேலே வர முடியாது. சில நிமிடங்களில் மூச்சு முட்டிச் செத்துப் போகும். அப்போது மீனவர்கள் கடலில் குதிக்கிறார்கள். வலையை அறுக்கிறார்கள். கடற்பசுவை விடுவித்து, ஆழத்துக்குத் திருப்பி விடுகிறார்கள். அறுந்தது பல ஆயிரம் ரூபாய் வலை. போனது அன்றைய பிழைப்பு.

ஒரு காலத்தில் கடற்பசு இறைச்சிக்கு நல்ல விலை இருந்தது. அதே கடற்கரையில் இன்று இப்படி விடுவிக்கிறவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்துக் கவுரவிக்கிறது. 2022 செப்டம்பர் 21-ந்தேதி, பாக் நீரிணையில் 448 சதுர கிலோ மீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. கடற்புல் இருக்கும் இடத்தில்தான் மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கின்றன. ஆகவே கடற்பசு மேயும் நிலத்தைக் காத்தால் மீனவர் வீட்டு உலையும் கொதிக்கும்.

குஜராத்திலும் இதே கதைதான். திமிங்கலச் சுறாவைக் கொன்று விற்று வந்த மீனவர்கள், 2004-ல் தொடங்கிய பிரசாரத்துக்குப் பிறகு, வலையை அறுத்து அதை விடுவிக்கிறார்கள். பிரசங்கியார் மொராரி பாபு, "சுறா பிரசவத்துக்குத் தாய் வீடு வரும் மகள்" என்று எடுத்துச் சொன்னார். அது அவர்கள் மனதைத் தொட்டது.

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கரையில் 80-க்கு மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கின. ஊரே தண்ணீரில் இறங்கியது. ஒவ்வொன்றையும் கையால் தள்ளிக் கடலுக்கு அனுப்பப் பாடுபட்டது. பல இறந்து போயின, சில பிழைத்தன.

திரும்பும் வழியில்

திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தொண்டி, மீமிசல் தாண்டி வந்தால் மனோரா கோபுரம் வரும். சரபோஜி மன்னர் கட்டியது. கோபுரத்து அடியில் நின்றால், எதிரே தெரியும் கடல்தான் கடற்பசு மேயும் கடல்.

கடற்பசு கண்ணில் படுமா? பெரும்பாலும் படாது. கூச்சம் உள்ள பிராணி. அதிர்ஷ்டம் இருந்தால் தண்ணீர் மட்டத்தில் ஒரு மூக்கு தெரியும். புஸ் என்று ஒரு மூச்சு. பிறகு ஒன்றும் இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள் மறுநாள் கோமுகிக் கரைக்குப் போவார்கள். தின்பண்டம் தின்ற பிளாஸ்டிக் பை கையில் இருக்கும். அதை ஆற்றில் எறிந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டால் போதும்.

மலையடிவாரத்துப் பிள்ளை கடற்பசுவுக்குச் செய்யும் உதவி அதுதான். அதற்கு நீச்சல் கூடத் தெரிய வேண்டியதில்லை.