பந்து எங்கே போயிற்று?

நூலுக்குக் குற்றம் பத்து, அழகு பத்து என வகுத்துத் தந்தவர் நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர். எழுதும் நூலுக்கு அவர் வகுத்த இலக்கணம் வாயால் மொழியும் பேச்சுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதே என் துணிபு. அதிலும், துடுப்பாட்டத்தை வானொலியில் நேர்முகமாக வருணிக்கும் அறிவிப்பாளருக்கு அது பெரிதும் பொருந்தும். பண்டிதருக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று நேயர்கள் நகைக்க வேண்டா. ஊவா மலைச்சாரலில் பிறந்து, வானொலிப் பெட்டியின் அடியில் அமர்ந்து தமிழ் கேட்டு வளர்ந்தவன் யான்.

நமுனுகுல மலையின் நிழலில் இருந்தது எங்கள் தோட்டம். எங்கள் லயத்துக்கு ஒரே வானொலிப் பெட்டிதான். 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறிய பின்னரும், எங்கள் பெற்றோருக்கு அது 'ரேடியோ சிலோன்' ஆகவே இருந்தது. மயில்வாகனனின் குரலைப் பற்றி அவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். கே. எஸ். ராஜாவின் விரைவிலும் சொல் சிதையாத தெளிவை, அப்துல் ஹமீதின் செப்பமான உச்சரிப்பை, இராஜேஸ்வரி சண்முகத்தின் குழைவை யாங்களே கேட்டு மகிழ்ந்தோம். எனக்கு ழகர ளகர வேறுபாட்டை முதலிற் கற்பித்தது பள்ளிக்கூடமன்று, அந்தப் பெட்டியே.

எண்பதுகளில், சென்னைச் சேப்பாக்கத்தில் நடக்கும் ஆட்டங்களை அகில இந்திய வானொலி தமிழில் வருணிக்கத் தொடங்கியிருந்தது. அப்துல் ஜப்பார், கூத்தபிரான் முதலியோரின் குரல்கள் கடல் கடந்து, கரகரப்புக்கு நடுவே எங்கள் மலைக்கு வந்து சேரும். அப்பொழுது என் தமையனார் லயத்து வாசல் மண்ணில் குச்சிகளை நட்டு, பதினொரு கூழாங்கற்களைப் பரப்புவார். களத்தடுப்பாளர் இன்னின்ன இடத்தில் நிற்கின்றனர் என்று வருணனையாளர் சொல்லச் சொல்ல, கற்கள் இடம் மாறும். வருணனை நன்றாயிருந்தால் மண்ணிலே ஆட்டம் நடக்கும். வருணனையாளர் வீரரின் புகழில் மூழ்கிவிட்டாலோ, தமையனார் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்திருப்பார். "பந்து எங்கடா போச்சு?" என்று எங்களைக் கேட்பார். சேப்பாக்கத்தை எங்களுள் ஒருவரும் கண்டதில்லை. ஆயினும் அதன் எல்லைக்கோடு எங்கள் வாசலில் இருந்தது.

இனி நன்னூலுக்கு வருவோம். பந்து வீசியவர் யார், எதிர்கொண்டவர் யார், பந்து எத்திசையிற் சென்றது, யார் தடுத்தார், எத்தனை ஓட்டம் என்பவற்றுள் ஒன்று விடுபட்டாலும் அது குன்றக் கூறல். ஒவ்வொரு நான்கு ஓட்டத்தையும் இடியென்றும் மின்னலென்றும் முழங்குவது மிகைபடக் கூறல். உண்மையிலேயே இடி விழும்போது சொல்வதற்கு அவரிடம் சொல் எஞ்சியிராது. பந்து வீச்சாளர் ஓடி வருகையில் முன்னாள் ஆட்டக்காரரின் குடும்பக் கதையைத் தொடங்குவது மற்றொன்று விரித்தல். காலையில் உற்சாகமாகத் தொடங்கி, மாலையில் வெறும் எண்களை முணுமுணுப்பது சென்று தேய்ந்திறுதல்.

எனினும் கூறியது கூறல் என்னும் குற்றம் மட்டும் இங்கே குணமாகிவிடுகிறது. நூலைப் படிப்பவன் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். கொழுந்து நிறுத்துவிட்டு இடையில் வந்து அமர்பவருக்குப் புரட்டிப் பார்க்கப் பக்கம் ஏது? ஆகவே ஓட்ட எண்ணிக்கையை அடிக்கடி சொல்லாத அறிவிப்பாளர், எவ்வளவு இனிமையாகப் பேசினும், கேட்போரை மறந்தவரே ஆவார்.

மொழியறிந்தோர் இத்துறையில் சிறக்க முடியும் என்பதற்கு ஆங்கிலத்திலும் சான்றுண்டு. பி.பி.சி.யில் வருணனை செய்த ஜான் ஆர்லட் ஒரு கவிஞர். 1948 ஆகஸ்டில், இலண்டன் ஓவல் மைதானத்தில் பிராட்மன் தம் இறுதி டெஸ்ட் இன்னிங்ஸில் ஓட்டமெதுவும் பெறாது வீழ்ந்தபோது ஒலிவாங்கியின் முன் இருந்தவர் அவரே. நடந்ததை முதலில் எளிய சொற்களால் சொன்னார். அதன் பின்னரே, அத்துணைப் பாராட்டொலிக்கிடையே இறுதியாகக் களமிறங்கும் ஒருவருக்குப் பந்து கண்ணுக்குத் தெரியுமா என்று வியந்தார். முதலில் செய்தி, பின்னர் உணர்ச்சி. கவிஞரே அம்முறையைப் பேணினார் என்பது நம்மவர் கருதத்தக்கது.

இவ்வளவும் அறிந்த யானே ஒரு நாள் தவறினேன். அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பதுளையில் மாணவர்களுக்கு ஒரு வருணனைப் போட்டி நடந்தது. மைதானத்தில் ஆட்டம் நடக்க, ஒவ்வொரு மாணவனும் இரண்டு ஓவர்களை ஒலிபெருக்கியில் வருணிக்க வேண்டும். நடுவர்களுள் யானும் ஒருவன். இறுதியில் இருவர் எஞ்சினர். ஒருவன் நகரத்துப் பிள்ளை. உச்சரிப்பு மாசற்றது, உவமைகள் அருவியாய்க் கொட்டின. மற்றவன் பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. "கொழுந்துக்கு நிரை புடிச்ச மாதிரி அஞ்சு பேர் வரிசையா நிக்கிறாங்க, பந்து ரெண்டாவது மூணாவது ஆளுக்கு நடுவுல புகுந்து பள்ளத்துப் பக்கம் உருளுது" என்றான். கொச்சை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். முதற் பரிசு நகரத்துப் பிள்ளைக்குச் சென்றது.

கூட்டம் கலைந்தபோது, ஓரத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் என் குரலை அடையாளங்கண்டு அழைத்தார். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். இரு கண்ணும் பார்வை இழந்தவர்.

"வாத்தியாரய்யா, மொதல்ல பேசின தம்பி ரொம்ப நல்லாப் பேசுச்சுங்க. ஆனா ரெண்டாவது தம்பி பேசுறப்பதாங்க எனக்கு ஆட்டம் தெரிஞ்சிச்சு" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது என்னைச் சுட்டது. என் தமையனாரின் கூழாங்கற்கள் நினைவுக்கு வந்தன. கண்ணிருந்த யான் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே வருணனையைக் கேட்டேன். ஆகவே பந்து காணாமற் போனது எனக்குத் தெரியவில்லை. யான் அளந்தது தமிழை; அளக்க வேண்டியது அத்தமிழ் காட்டிய காட்சியை. இன்னொரு வெட்கமும் உண்டு. 'நிரை' என்பது கொச்சையா? நேரசை நிரையசை என்று நாள்தோறும் வகுப்பிற் கற்பிக்கும் சொல்லன்றோ அது! ஏட்டிலே யாம் காத்த சொல்லைத் தேயிலை மலையிலே அவர்கள் வழங்கி வந்திருக்கிறார்கள்.

பிழையான உச்சரிப்பைப் போற்றுக என்று யான் சொல்லவில்லை. ஒலிவாங்கியின் முன் அமர்பவன் திருத்தமாகப் பேசப் பழகத்தான் வேண்டும். ஆனால் உச்சரிப்பைச் சில மாதங்களிற் பயிற்றிவிடலாம். காணாதவனுக்குக் காட்ட வேண்டும் என்னும் பரிவைப் பயிற்றுவது அரிது. அது இருந்த பிள்ளையை யான் கைவிட்டேன். மறு ஆண்டு அவன் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார் அவனுடைய ஆசிரியர்.

இப்போது எங்கள் போட்டியில் நடுவர்கள் மைதானத்துக்கு முதுகு காட்டியே அமர்கின்றனர். மதிப்பெண் தாளின் முதற் கட்டத்தில், 'பந்து எங்கே போயிற்று?' என்ற கேள்வியை என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். உச்சரிப்புக்கு உரிய கட்டம் அதன் கீழே இருக்கிறது.

கொழும்பிலே ஏதேனுமொரு கடையில், பொருள் பொதியும் தாளாகவேனும் இப்பக்கம் அத்தம்பியின் கண்ணிற் படுமாயின், அன்றைய தீர்ப்புப் பிழையென்று அவன் அறிந்துகொள்வானாக. முதற் பரிசு அவனுடையது.