றொசல்ல வழியே மலைநாடு செல்வோர்க்கு

வடபுலத்து வெயிலிற் பழகிய நம்மவர் விடுமுறைக்கு மலைநாடு செல்லும்போது, ஒரு கம்பளிச் சட்டையும் புகைப்படக் கருவியும் போதுமென எண்ணிவிடுகின்றனர். போதா. வேண்டுவன சிலவற்றை ஈண்டு கூறுவாம்.

1874இல் நாவலப்பிட்டியை அடைந்த புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. நாவலப்பிட்டியின் உயரம் ஏறத்தாழ 580 மீற்றர்; அட்டனின் உயரம் ஏறத்தாழ 1,270 மீற்றர். இவ்வேற்றத்தின் நடுவே, வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையில், றொசல்ல என்னும் சிறு நிலையம் உளது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலால் மலைநாட்டுப் பாதை பல இடங்களிற் சேதமுற்றது. ஆதலின், வண்டி எதுவரை செல்லுமென விசாரித்தறிந்த பின்னரே புறப்படுக. வண்டியின் மிதிபலகையில் தொங்கிப் படம்பிடித்தல் ஆகாது; பாறையும் சுரங்கச் சுவரும் கையெட்டும் தூரத்தில் வந்து மறையும்.

அடுத்தது மழை. வட்டவளைப் பகுதி ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவது. யாழ்ப்பாணத்து மழையினும் ஏறத்தாழ நான்கு மடங்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையைக் கேளாது பயணஞ் செய்தல் தகாது. சனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். சிவனொளிபாத யாத்திரைக் காலமும் மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையேயாம். குடையினும் மழைச்சட்டை நன்று. வழுக்காத சப்பாத்தும் மாற்றுக் காலுறையும் கொள்க. ஈரப் புல்லில் அட்டை ஏறும். சிறிது உப்பைத் தூவின் அது தானே விழும்.

இவையெல்லாம் உடலுக்கு. உள்ளத்துக்கும் ஓர் ஆயத்தம் வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களை நிறுத்திப் படம்பிடிப்போர் பலர். பறித்த கொழுந்தின் நிறை குறையின் அன்றைய கூலியும் குறையும் என்பதை அவர் அறியார். நமக்கு ஐந்து நிமிட மகிழ்ச்சி. அவர்க்கோ அது கூலியிழப்பு. ஆதலின் படம்பிடிக்குமுன் அனுமதி கேளுங்கள். வேலை நேரத்தில் நெடிது நிறுத்தாதீர்கள். லயம் காட்சிச்சாலையன்று, குடும்பங்கள் வாழும் இல்லம். வாயிலில் நின்று குரல் கொடுத்து, அழைத்தாற் செல்லுங்கள். தரும் சாயத் தேநீரை மறுக்காது பருகுங்கள்.

இம்மக்களின் முன்னோர் தென்னிந்தியாவினின்று வந்து காடழித்துத் தோட்டம் அமைத்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அரை நூற்றாண்டுக்கு மேல் இந்நாட்டுக்கு அந்நியரெனப்பட்டோரை, ஒரே மொழி பேசும் நாமும் அந்நியராய் நோக்குதல் தகுமோ? மலையின் அழகைக் காணச் செல்வோர், அவ்வழகை ஆக்கிய கைகளையும் கண்டு மீள்க.