தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனியுங்கள்

டி.டி.டி. பூச்சிமருந்தை நம் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலேரியாவை ஒழிக்க வீட்டுச் சுவரெல்லாம் அடித்த மருந்து அது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு பூச்சிமருந்து எவ்வளவு நஞ்சு என்று பார்க்க, அமெரிக்க ஆய்வாளர்கள் அதை நாய்களுக்குத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். 1949இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு எதிர்பாராதது. நாய்களின் சிறுநீரகத்துக்கு அருகே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதி சுருங்கி அழிந்துபோயிருந்தது.

அந்த நஞ்சின் ஒரு வடிவம்தான் பிறகு மைட்டோடேன் என்ற மருந்தானது. அட்ரினல் சுரப்பி அளவு மீறி வேலை செய்வதால் நாய்களுக்கு வரும் குஷிங் நோய்க்குப் பல பத்தாண்டுகள் அதுவே பிரதான சிகிச்சையாக இருந்தது.

நோயின் பெயர் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவருடையது. 1912இல் ஓர் இளம்பெண்ணிடம் கண்ட இந்த நோயை அவர் விவரித்தார். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சிறு கட்டியே காரணம் என்று 1932இல் எழுதினார். மனிதர்களிடம் மிக அரிதான இந்த நோய் நாய்களிடம் பல மடங்கு அதிகம். பூடில், டாக்ஸ்ஹண்ட், பாக்ஸர் போன்ற இனங்களில் கூடுதலாகத் தென்படுகிறது. பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய நாய்களுக்கு வருவதால்தான் இத்தனை குழப்பமும். "வயசாயிடுச்சு, அதான்" என்று வீட்டில் உள்ளவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

வயதானால் நாய் சோர்ந்து படுக்கலாம். ஆனால் வயதால் பசி அதிகரிக்காது, தாகமும் அதிகரிக்காது. குஷிங் நோயில் இரண்டும் கூடும். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகும்போது, சிறுநீரைச் செறிவாக்கும் வேலை சிறுநீரகத்தில் கெடுகிறது. நாய் நிறைய சிறுநீர் கழிக்கிறது, அதை ஈடுகட்டவே நிறைய குடிக்கிறது. வீட்டுக்குள் ஈரமாக்குகிறதே என்று தண்ணீரைக் குறைத்து வைப்பது பெரிய தவறு. ஒரு நாளில் கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டரைத் தாண்டினால், மருத்துவரிடம் போக அதுவே போதிய காரணம். இவற்றோடு வயிறு பானைபோலத் தொங்கும், இரு விலாவிலும் முடி உதிரும், தோல் மெலியும், வெயில் இல்லாத நேரத்திலும் மூச்சிரைக்கும்.

நூறு நோயாளி நாய்களில் எண்பதுக்கும் மேற்பட்டவற்றுக்குக் கோளாறு பிட்யூட்டரியில் இருக்கிறது. மற்றவற்றுக்கு அட்ரினலிலேயே கட்டி. இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதை நாமே உண்டாக்குகிறோம். சொறி, அரிப்பு, காதுப் புண் என்று தொடங்கிய பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மறுபடி மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் வாங்கிக் கொடுத்தால், அச்சு அசலாக இதே அறிகுறிகள் வரும். ஸ்டீராய்டு கலந்த களிம்பும் காதுச் சொட்டுமருந்தும் நீண்ட நாள் போட்டால்கூட இப்படி ஆகலாம். இந்த நாய்க்குக் குஷிங் மருந்து கொடுக்கவே கூடாது. அதன் அட்ரினல் ஏற்கெனவே வேலை மறந்து சுருங்கிக் கிடக்கிறது. அதே காரணத்தால் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். நாய்க்கு இதுவரை என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையைவிட இந்த விவரம் சில நேரம் அதிகம் சொல்லிவிடும்.

நோய் உறுதியான பிறகு எந்த மருந்து? மைட்டோடேன் அட்ரினல் செல்களை அழித்தே பலன் தருகிறது. முதலில் தினமும் கொடுப்பார்கள். நாயின் பசியும் தாகமும் சற்றே தணிகிற நாளில் தினசரி மருந்தை நிறுத்தி, பிறகு வாரக் கணக்கில் குறைந்த அளவுக்கு மாறுவார்கள். அந்த நாளைக் கண்டுபிடிப்பது வீட்டில் இருப்பவரின் கண்தான். வழக்கமாகத் தட்டை நக்கித் தீர்க்கும் நாய் பாதியில் நிமிர்ந்து பார்த்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தவறவிட்டால், தேவையான கார்ட்டிசாலும் இல்லாமல் நாய் சரிந்துவிடும். அழிந்த செல்கள் திரும்ப வளரும் என்ற உறுதியும் இல்லை.

இன்று பெரும்பாலான மருத்துவர்கள் முதலில் எடுப்பது ட்ரைலோஸ்டேன். இது மனிதர்களுக்காக உருவான மருந்து. 2008இல் அமெரிக்காவில் நாய்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. பிட்யூட்டரி, அட்ரினல் இரு வகைக்கும் சேர்த்து அங்கே அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து இது. இது செல்லைக் கொன்று பலன் தருவதில்லை. கார்ட்டிசால் தயாராகும் வழியில் ஒரு நொதியை மட்டும் தடுக்கிறது. மருந்தின் வேலை பல நாய்களில் அரை நாள்கூட நீடிப்பதில்லை என்பதால் இரு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. உணவோடு கொடுத்தால்தான் உடலில் சரியாகச் சேரும். கேப்சூலைப் பிரித்துத் தூளைப் பாதியாக்கக் கூடாது. கர்ப்பிணிகள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. கல்லீரலோ சிறுநீரகமோ பழுதான நாய்க்கு இது ஆகாது. இதயத்துக்காக எனலாப்ரில் சாப்பிடும் நாய்க்கு ரத்தத்தில் பொட்டாசியம் கூடலாம் என்பதால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

ட்ரைலோஸ்டேனே பாதுகாப்பானது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் 'பாதுகாப்பானது' என்ற சொல்லை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. அரிதாக இதுவும் அட்ரினலை நிரந்தரமாகச் சிதைத்துவிடும். தொடங்கி 10 முதல் 14 நாளில், பிறகு நான்காவது வாரத்தில், பன்னிரண்டாவது வாரத்தில், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பது வழக்கம். மாத்திரை கொடுத்த நேரத்தையும் குறித்துக்கொண்டு போக வேண்டும், ஏனெனில் அதற்குப் பிறகு எத்தனை மணி நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே கார்ட்டிசால் அளவு மாறும்.

வேறு மருந்துகளும் உண்டு. மனிதர்களின் பார்க்கின்சன் நோய்க்கான செலெஜிலின் 1997இல் அமெரிக்காவில் நாய்களின் பிட்யூட்டரி வகைக்கு அனுமதி பெற்றது. பலன் சொற்பம். பூஞ்சைக்கான கீட்டோகோனசோலும் கார்ட்டிசாலைக் குறைக்கும், கல்லீரலைக் கெடுக்கும் அபாயத்தோடு. மற்றவை கிடைக்காதபோதே அதை நாடுவார்கள். பிட்யூட்டரியையே அறுவையில் அகற்றும் சிகிச்சைக்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் பெயர்பெற்றது. அது எல்லாருக்கும் எட்டுவதல்ல.

இந்த மாத்திரைகள் எதுவும் பிட்யூட்டரிக் கட்டியைக் கரைப்பதில்லை. ஆயுள் முழுக்கத் தொடர வேண்டிய மருந்து, அதற்கான செலவு, அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்று குடும்பம் மனத்தளவில் தயாராக வேண்டும். மருந்து சேர்ந்தால் தாகம் ஓரிரு வாரத்தில் குறையும். முடி வளர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், அதுவரை பொறுங்கள். கார்ட்டிசால் குறைந்ததும் அதுவரை அது அடக்கி வைத்திருந்த மூட்டு வலியோ தோல் அரிப்போ வெளிப்படலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாக முடிவு செய்யாமல், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள். நாய் சாப்பிட மறுத்தால், வாந்தி எடுத்தால், வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், எழ முடியாமல் துவண்டு கிடந்தால், அன்றைய குஷிங் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். நாளைவரை பார்க்கலாம் என்றும் இருக்காதீர்கள். அப்போதே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.