வெறுமையாகத் திறக்கும் பேனல்

நடிகர் பச்சைத் திரைக்கு முன்னால் நிற்கிறார். திரையரங்கில் பார்க்கும்போது அவருக்குப் பின்னால் கடல் விரிந்திருக்கிறது. இரண்டு படங்களையும் ஒன்றாக்கி, ஒளியும் நிழலும் நிறமும் ஒத்துவரச் செய்யும் வேலையைக் கம்போசிட்டிங் என்கிறார்கள். பெரிய ஸ்டூடியோக்களில் இதற்குப் பெரும்பாலும் கையாளப்படும் மென்பொருள் நூக். நல்ல கணினி ஒன்று இருந்தால் அளவெட்டி போன்ற ஓர் ஊரில் ஓர் அறைக்குள் இருந்தே இதைப் பழகலாம். பழகுவோருக்கென்று இலவசப் பதிப்பும் உண்டு. 1920க்கு 1080 அளவைத் தாண்டிப் படத்தை வெளியே எடுக்க அது விடாது. பைதன் என்ற நிரல்மொழி வழியாகச் செய்யக்கூடியவற்றுக்கும் சில வரம்புகள் வைத்திருக்கிறது. தொடங்குகிறவருக்கு அது தாராளமாகப் போதும்.

நூக் 1993 அளவில் அமெரிக்காவின் டிஜிட்டல் டொமைன் ஸ்டூடியோவில் உள்வீட்டுக் கருவியாகப் பிறந்தது. ‘டைட்டானிக்’ படத்தின் காட்சிகளிலும் அதன் உழைப்பு இருக்கிறது. 2007இல் லண்டனில் உள்ள ஃபவுண்டரி நிறுவனம் அதைப் பொறுப்பேற்றது. பின்னர் பைதன் மொழி உள்ளே வந்ததும், நூக்கில் இல்லாத வசதியைப் பயன்படுத்துகிறவரே எழுதிச் சேர்த்துக்கொள்ளும் வழி திறந்தது. அப்படிச் சேர்ப்பவற்றில் ஒன்றுதான் பேனல்: பொத்தான்களும் பட்டியல்களும் கொண்டு, நூக்கின் சாளரத்துக்குள்ளேயே ஒரு மூலையில் உட்காரும் சிறு பலகை.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடப்போம். ஒரு வேலையில் நூறு படக் கோப்புகளை உள்ளே எடுத்திருக்கிறோம். அவற்றில் எவை வட்டில் இல்லை என்று பார்த்துப் பட்டியலிடும் பேனல் ஒன்று வேண்டும். ரீட்லிஸ்ட்.பை என்று ஒரு கோப்பைத் திறந்து, அதற்குள் ‘பேனல்’ என்ற பெயரில் ஒரு கிளாஸ் எழுதுகிறோம். கிளாஸ் என்பது பலகையின் வரைபடம். அதை வைத்து எத்தனை பலகையும் உருவாக்கிக்கொள்ளலாம். கோப்பை வீட்டு அடைவில் உள்ள டாட் நூக் என்ற அடைவுக்குள் போடுகிறோம். நூக் திறக்கும்போது தேடிப் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

எழுதியதைச் சோதிக்க நூக்கிலேயே ஸ்கிரிப்ட் எடிட்டர் இருக்கிறது. நிரலை அங்கே ஒட்டி ஓட்டுகிறோம். பேனல் அழகாக வருகிறது, பட்டியல் நிரம்புகிறது. பேனலை மெனுவில் சேர்க்கும் வரியை, நூக் திறக்கும்போது படிக்கும் மெனு.பை என்ற கோப்பில் எழுதி அதே அடைவில் வைத்துவிட்டு, நிம்மதியாக மூடிப் படுக்கப் போகிறோம். மறுநாள் காலை நூக்கைத் திறந்து மெனுவில் பேனலை அழுத்தினால் வெறும் சாம்பல் நிறப் பெட்டி. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இந்த இடத்தில்தான் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: ‘நிரல் சரி, நூக்கில்தான் ஏதோ பழுது.’

இந்த முடிவுக்குப் பின்னால் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அதை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். பேனலை மெனுவில் சேர்க்க நூக் தரும் ஆணை ரெஜிஸ்டர் விட்ஜெட் ஆஸ் பேனல். அதற்கு மூன்று விவரங்கள் கொடுக்கிறோம்: கிளாஸின் பெயர், மெனுவில் தெரியவேண்டிய பெயர், ஓர் அடையாளக் குறி. கொடுத்து முடித்ததும் பேனலையே நூக்கின் கையில் ஒப்படைத்துவிட்டதாக நினைக்கிறோம். ஆனால் முதலாவதாகக் கொடுத்தது மேற்கோள் குறிக்குள் இருக்கும் வெறும் எழுத்துகள். நூக் அதை அப்போது திறந்தும் பார்ப்பதில்லை. யாராவது மெனுவில் அழுத்தும்போதுதான் அந்த எழுத்துகளைப் பைதன் வரியாக எண்ணி, அந்தப் பெயருக்கு உரிய கிளாஸைத் தேடப் போகிறது.

நாம் ஒப்படைத்தது வீட்டை அல்ல, விலாசத்தை. வீட்டுக்குள் ‘பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு வா’ என்றால் பிள்ளை நேரே போய்விடும். அதே சொல்லை ஒரு துண்டில் எழுதி, மல்லாகம் சந்தியில் பஸ்ஸால் இறங்குகிற அந்நியர் கையில் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அளவெட்டியில் எத்தனையோ பெரியம்மா. கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலடி, இந்த ஒழுங்கை, இன்னாருடைய வீடு என்று முழுதாக எழுதியிருந்தால் வந்து சேர்வார். ரீட்லிஸ்ட்.பை கோப்புக்குள் ‘பேனல்’ என்பது அப்படியொரு வீட்டுப் பெயர். நூக் தேடுவதோ வெளியே, பைதன் மெயின் என்று அழைக்கும் பொதுவெளியில். அங்கே அந்தப் பெயரில் யாரும் இல்லை.

அப்படியானால் முதல் நாள் எப்படி வேலை செய்தது? ஸ்கிரிப்ட் எடிட்டர் நிரலை ஓட்டுவதும் அதே பொதுவெளியில்தான். நாம் ஒட்டி ஓட்டியபோது ‘பேனல்’ என்ற பெயர் அங்கே பதிந்துவிட்டது. நூக் தேடிப் போனது, பெயர் இருந்தது, பலகை வந்தது. நூக்கை மூடியதும் பொதுவெளி துடைக்கப்பட்டது. அதனால் ஸ்கிரிப்ட் எடிட்டரில் சரியாக ஓடியது நிரல் சரி என்பதற்குச் சான்றே தவிர, விலாசம் சரி என்பதற்குச் சான்று இல்லை. விலாசத்தைச் சோதிக்க வேண்டுமானால் நூக்கை மூடிப் புதிதாகத் திறந்து, வேறெதையும் ஓட்டாமல், மேற்கோள் குறிக்குள் கொடுத்த அதே எழுத்துகளை ஸ்கிரிப்ட் எடிட்டரில் தட்டி ஓட்டிப் பார்க்கவேண்டும்.

திருத்தம் சிறியது. அதே மெனு.பை கோப்பில் ரீட்லிஸ்ட்டை இம்போர்ட் செய்து உள்ளே அழைக்கிறோம். மெனு.பை ஓடுவதும் பொதுவெளியில்தான் என்பதால் ரீட்லிஸ்ட் என்ற பெயர் அங்கே பதிகிறது. பிறகு பதிவு ஆணையில் ‘பேனல்’ என்று மட்டும் எழுதாமல் ‘ரீட்லிஸ்ட்.பேனல்’ என்று முழு விலாசம் கொடுக்கிறோம். இனி நூக் எப்போது திறந்தாலும் வழி தெரியும்.

விலாசத்தில் எந்த இடம் பிழை என்பதைப் பைதனே சொல்லிவிடும். ஸ்கிரிப்ட் எடிட்டரின் மேற்பகுதியையும், நூக்கைத் திறந்த டெர்மினலையும் பார்க்கவேண்டும். செய்தி நீளமாக இருந்தால் கடைசி வரியில் தொடங்கி மேலே போகலாம். நேம் எரர் என்றால் அந்தப் பெயரே பொதுவெளியில் இல்லை. பெரும்பாலும் இம்போர்ட் விடுபட்டிருக்கும். அட்ரிபியூட் எரர் என்றால் கோப்பு கிடைத்தது, உள்ளே அந்தப் பெயரில் கிளாஸ் இல்லை. எழுத்துப் பிழையைத் தேடுவோம். மாடியூல் நாட் ஃபவுண்ட் எரர் என்றால் கோப்பே நூக் தேடும் இடத்தில் இல்லை.

இந்த ஒன்று புரிந்தால் வேறு சில புதிர்களும் தாமாக அவிழும். நிரலைத் திருத்துகிறோம், பேனல் பழையபடியே இருக்கிறது. காரணம், பைதன் ஒரு கோப்பை ஒருமுறை இம்போர்ட் செய்தால் நினைவில் வைத்துக்கொள்ளும். மறுபடி வட்டில் போய்ப் பார்க்காது. இம்போர்ட்லிப் தரும் ரீலோட் ஆணையால் அதைப் புதுப்பிக்கலாம். ஏற்கெனவே திறந்திருக்கும் பலகை பழைய வரைபடத்தில் செய்தது, அது மாறாது. அதை மூடிவிட்டு மெனுவிலிருந்து திரும்பத் திறந்தால், நூக் அந்த விலாசத்துக்கு மறுபடி போய்ப் புதிய கிளாஸை எடுத்து வரும்.

பொத்தான்களிலும் இதே கதை. நூக்கின் சொந்தப் பைஸ்கிரிப்ட் நாப் என்ற பொத்தானுக்குக் கொடுக்கும் ஆணையும் எழுத்துகளாகவே இருந்து, அழுத்தும்போதுதான் பொதுவெளியில் ஓடும். கிளாஸுக்குள் மட்டும் பொருள்படும் ‘செல்ஃப்’ என்ற பெயரை அதற்குள் எழுதினால் அங்கே அப்படி யாரும் இல்லை. பேனலை வரையப் பயன்படும் கியூட்டியின் பொத்தான் இதற்கு நேர்மாறு: அதன் கனெக்ட்டுக்குச் செயலையே கொடுக்கவேண்டும். செயலின் பெயருக்குப் பின்னால் பழக்கத்தில் அடைப்புக்குறி போட்டுவிட்டால், பேனல் திறக்கும்போதே செயல் ஓடி முடிந்துவிடும். பொத்தானோடு அந்தச் செயல் இணையாது.

பதிப்பு மாற்றத்தையும் கவனிக்கவேண்டும். பலகை வரையும் பைசைட் தொகுதியின் பெயர் நூக்கோடு மாறி வந்திருக்கிறது: 2017இல் வந்த நூக் 11இல் பைசைட்2, 2025இல் வந்த நூக் 16இல் பைசைட்6. பழைய பெயரை இம்போர்ட் செய்யும் பேனல் புதிய நூக்கில் முதல் வரியிலேயே நின்றுவிடும். 2021இல் நூக் 13 பைதன் 3க்கு மாறியபோது, பைதன் 2இல் எழுதிய நிரல்களுக்கும் இதேபோன்ற திருத்தம் தேவைப்பட்டது.

கடைசியாக ஓர் இடக் கேள்வி. டாட் நூக் அடைவில் இனிட்.பை என்றும் ஒரு கோப்பு வைக்கலாம். திரையே இல்லாமல் இரவில் படங்களைக் கணித்துத் தள்ளும் ரெண்டர் இயந்திரங்களும் அதைப் படிக்கும். மெனு.பையைத் திரையோடு திறக்கும் நூக் மட்டுமே படிக்கும். பேனலைப் பதிவுசெய்யும் வரிகள் மெனு.பையில் இருக்கவேண்டும். அவை இனிட்.பையில் போனால், பலகையே தேவையில்லாத இயந்திரத்தில் பலகையால் ரெண்டர் நின்றுபோகலாம்.

பேனல் வெறுமையாகத் திறந்தால் நாம் போகவேண்டிய ஒழுங்கு இப்போது தெளிவு. நூக்கை ‘சேஃப்’ நிலையில், நம்முடைய சேர்க்கைகள் எதுவும் ஏறாமல் திறந்து பார்ப்போம். அது ஒழுங்காக ஓடினால் பழுது நாம் சேர்த்தவற்றில். அடுத்து பிழைச் செய்தியின் கடைசி வரி, பிறகு விலாசம், பிறகு பதிப்பு. முந்நூறு வரி நிரலையும் அழித்து முதலிலிருந்து எழுதத் தொடங்குகிறவர்கள் பலர். அதற்கு முன் மேற்கோள் குறிக்குள் இருக்கும் அந்த ஒரு பெயரைப் பார்த்தால், பல நாட்களில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.