கடைசி ஆயுதம் முதலிலேயே வந்தால்?

முதுகுவலி என்று டாக்டரிடம் போவார்கள். பரிசோதித்தால் எலும்பு அரித்திருக்கும், ரத்தசோகை இருக்கும், சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருக்கும். மல்டிபிள் மைலோமா பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய் இது.

உடல் தாங்கும் என்றால், சில மாத மருந்துகளுக்குப் பிறகு நோயாளியின் ஸ்டெம் செல்களை எடுத்து வைத்துக்கொண்டு, மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்தை அதிக அளவில் ஏற்றுவார்கள். பிறகு அந்தச் செல்களையே திருப்பிச் செலுத்துவார்கள். இதுதான் ஸ்டெம் செல் மாற்று. முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும். எழுபது வயதைத் தாண்டிய பலருக்கு இதைச் செய்ய டாக்டர்களே தயங்குவார்கள்.

கார்-டி சிகிச்சை வேறு வழியில் போகிறது. நோயாளியின் ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு, டி செல்களைப் பிரித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு வைரஸின் உதவியோடு புதிய மரபணு சேர்க்கப்படுகிறது. மைலோமா செல்களின் மேல் இருக்கும் 'பிசிஎம்ஏ' என்ற புரதத்தை இனி அந்த டி செல்கள் மோப்பம் பிடித்துவிடும். சில வாரங்களில் உறைந்த ஒரே ஒரு பை திரும்பி வருகிறது. அது அந்த நோயாளிக்கு மட்டுமே ஆனது. பெயரைச் சரிபார்த்து, உருக்கி, ஒரே தடவையில் ஏற்றிவிடுகிறார்கள்.

இதைத் தொடக்கத்தில் எல்லா மருந்தும் கைவிட்டவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். 'கார்டிட்யூட்-1' ஆய்வில் சில்டா-செல் என்ற கார்-டி சிகிச்சை பெற்ற 97 பேரில் 32 பேருக்கு, ஐந்து ஆண்டுகள் கடந்தும் நோய் தலைதூக்கவில்லை. இடையில் வேறு மைலோமா மருந்தும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அப்படியானால் ஏன் காத்திருக்க வேண்டும்? பல சுற்று மருந்துகளில் டி செல்கள் களைத்துப்போகின்றன. ஆரம்பத்தில் அவை தெம்பாக இருக்கும். இதைச் சோதிக்கத்தான் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் தொடங்கின. ஸ்டெம் செல் மாற்று திட்டமிடப்படாதவர்களுக்கு 'கார்டிட்யூட்-5'. ஸ்டெம் செல் மாற்றோடு நேருக்கு நேர் ஒப்பிட 'கார்டிட்யூட்-6'.

ஆபத்து இல்லாமல் இல்லை. கடும் காய்ச்சல் வரலாம், ரத்த அழுத்தம் சரியலாம். அதற்கு டோசிலிசுமாப் என்ற மருந்து கைகொடுக்கிறது. சிலருக்குப் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் வந்திருக்கிறது. உடலில் நோய் மிகுந்திருந்தவர்களிடம் அது கூடுதலாகத் தென்பட்டதால், முதலில் மருந்தால் நோயைக் குறைத்துவிட்டே செல்களை ஏற்றுகிறார்கள்.

விலைதான் நெஞ்சை அடைக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது சில்டா-செல் 4,65,000 டாலர். மும்பை ஐஐடியும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி, 2023-ல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 வெளிநாட்டுக் கார்-டி சிகிச்சைகளைவிடப் பல மடங்கு மலிவு. ஆனால் அது பி-செல் ரத்தப் புற்றுநோய்களுக்கானது. மைலோமா நோயாளிகளுக்கும் அதே போன்ற உள்நாட்டுத் தயாரிப்பு வந்தாக வேண்டும்.