சிக்னல் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துவதற்கு முன்

2024 டிசம்பரில், கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். அடிதடி, திருட்டு எதுவும் இல்லை. வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருக்கிறது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் நடத்திய சோதனையில் தெரியவந்தது. ஆட்கள் நடமாடும் சாலையில், ஊருக்கு நடுவே நடந்த சாவு அது. அதே ஆண்டு கொடைக்கானலில், விடுதி அறைக்குள் பார்பிக்யூ அடுப்பின் கரி புகைந்துகொண்டிருக்கத் தூங்கிய இளைஞர்களும் விடியலைப் பார்க்கவில்லை.

வேனுக்குள் கட்டில், அடுப்பு, சோலார் பேனல் எல்லாம் பொருத்திக்கொண்டு, நாலைந்து நாள் யார் கண்ணிலும் படாமல் மலையில் தங்கி, காலையில் எழுந்து நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பும் தம்பதிகள் இப்போது நிறையப் பேர். நல்ல ஆசைதான். ஆனால் அவர்களில் பலர் யானைக்குப் பயப்படுகிற அளவுக்குத் தங்கள் வண்டிக்குள் இருக்கும் காற்றுக்குப் பயப்படுவதில்லை.

ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகள் எலும்பை உறைய வைக்கும். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, குளிருக்கு இதமாகக் கேஸ் அடுப்பைச் சிறிதாக எரியவிட்டுக்கொள்வோம் என்று தோன்றும். அதைச் செய்யவே கூடாது. அடுப்பு, கரி, ஜெனரேட்டர் எதுவாக இருந்தாலும் வண்டிக்கு வெளியே, காற்று புகையை உள்ளே தள்ளாத பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், தூக்கக் கலக்கம் என்று சாதுவாகத்தான் ஆரம்பிக்கும். மலை ஏறிய களைப்பு என்றோ, கொண்டை ஊசி வளைவுகள் படுத்திய பாடு என்றோ நினைத்துப் படுத்துவிடத் தோன்றும். இருவருக்கும் ஒரே நேரத்தில் இப்படி வந்தால் யோசிக்காதீர்கள். கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கடையில் கிடைக்கிறது. சோலார் பேனலுக்குச் செலவழிப்பவர்கள் அதை வாங்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

அடுத்தது, எங்கே நிறுத்துகிறோம் என்பது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்: மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் தண்டனை இன்னும் கடுமை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்; செக்போஸ்ட் மூடும் நேரத்தில் போய்ச் சேர்ந்து, காட்டோரம் வண்டியை ஒதுக்கிப் படுத்துக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள்.

இதையெல்லாம் வெறும் கெடுபிடியாகப் பார்ப்பவர்களுக்குக் குரங்கணியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் அந்த மலையில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். புதுமணத் தம்பதியும் அதில் உண்டு. கோடைக்காலம், காய்ந்த புல், சரிவில் மேல்நோக்கிப் பாயும் தீ. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். பழங்குடி இளைஞர்கள் உட்படப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். காட்டுத்தீப் பருவத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருக்கும்போது குறுக்கு வழி காட்டுகிறேன் என்று உள்ளூரில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். முன்பதிவுப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், மாலைக்குள் நீங்கள் இறங்கவில்லை என்பதைக் கவனிக்கக் கீழே ஒருவர் இருப்பார். பதிவில்லாமல் போனவரைத் தேட வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறெந்த நிறுவனத்தின் சிக்னலாவது எட்டினால் அவசர உதவி எண்ணான 112-க்கு அழைப்பு போகும். எதுவுமே எட்டாத இடங்களுக்காக, வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துச் சாட்டிலைட் ஃபோனோ சாட்டிலைட் வழி செய்தி அனுப்பும் கையடக்கக் கருவியோ வாங்கி வருகிறவர்கள் உண்டு. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இவற்றை வைத்திருப்பது சட்டவிரோதம். விமான நிலையத்திலேயே பிடிபட்ட பயணிகள் இருக்கிறார்கள். அதைவிட, எந்த வழி, எங்கே இரவு, எப்போது திரும்புவோம், வண்டி எண் என்ன என்பதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். குறித்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இரவில் கண்ணாடியைத் தட்டும் கைக்குத்தான் பல தம்பதிகள் அதிகம் பயப்படுகிறார்கள். தட்டுவது யார், எதைக் கேட்கிறார் என்பதைப் பிரித்துப் பாருங்கள். வனநிலத்தில் வனத்துறையினர் அனுமதிச் சீட்டைக் கேட்கலாம், வண்டியைச் சோதிக்கலாம். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நின்றால் போலீஸ் எடுக்கச் சொல்லலாம், ஆர்சி, லைசென்ஸ் கேட்கலாம். கல்யாணச் சான்றிதழைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. வயதுவந்த ஆணும் பெண்ணும், மணமாகாதவர்களாகவே இருந்தாலும், ஓர் அறையில் தங்குவது குற்றமல்ல என்று கோவை விடுதி ஒன்றின் வழக்கில் 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யப் பொதுவாக அனுமதியில்லை. தவிர்க்க முடியாத நிலையிலும் பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். குரலை உயர்த்தாமல் அதிகாரியின் பெயரையும் நிலையத்தையும் கேளுங்கள். அபராதம் என்றால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பணம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கும், மிரட்டல் என்றால் மாவட்ட எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம்.

வண்டி வாடகைக்கு எடுத்ததா? முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்டிச் செல்லும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும். சொந்த வேனைக் கேம்பராக மாற்றியிருந்தால் ஆர்டிஓ அனுமதி பெற்று அந்த மாற்றத்தை ஆர்சியில் ஏற்றிக்கொள்ளுங்கள். சாவி வாங்கும்போதே கீறல்கள், டயர், ஜெனரேட்டரின் புகைக்குழாய், கேஸ் குழாயின் மேல் அச்சடித்திருக்கும் தேதி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அங்கேயே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் அந்த வீடியோதான் சாட்சி. நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் செய்யலாம்; தீராவிட்டால், வண்டி எடுத்த ஊருக்கு அலையாமல், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. காப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, செலவும் இல்லை.

ஊர் திரும்பி ஒன்று, இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல் வந்தால் வெறும் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டிருக்காதீர்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிப் பூச்சி கடித்து ஸ்க்ரப் டைபஸ் வருகிறது. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு உண்டாகும். அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு என்று அவரவர் கண்ணில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது நல்லது. சிலருக்குப் பொருக்கு தெரியாமலும் போகலாம். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும் நோய் இது. தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துக்கொள்ளும். எந்த மலையில், எந்தத் தேதிகளில் தங்கினீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.